கையில் இருந்தது துப்பாக்கி

1948 ஜூன் 18ஆம் தேதி மலாயா முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் அவசரகால விதிகள் ஒவ்வொன்றாக அரசிதழில் வந்தன. ரவாங்கிலும் கிள்ளானிலும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஆங்கில அரசிதழைப் படித்திருக்க வழியில்லை. ஆனாலும் நான்காம் விதியைப் புரிந்துகொள்ள அரசிதழ் தேவைப்படவில்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் தூக்கு. அதைக் கொண்டு யாரையாவது சுட்டானா, சுட நினைத்தானா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. குற்றம் நிரூபணமானால் ஆயுள் தண்டனை கொடுக்கலாமா என்று யோசிக்கும் உரிமைகூட நீதிபதிக்குக் கிடையாது.

சென்ற வாரம் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பார்த்தோம். 1941ல் அதன் தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்தார்கள், கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே விசாரணை என்ற பேச்சே இல்லை. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கத்தான் வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு ராணுவம் பதில் சொன்னது. இந்த வாரம் பார்க்கப்போவது வேறு ரகம். இங்கே கோர்ட் உண்டு, வக்கீல் உண்டு, சாட்சி உண்டு, அப்பீல் உண்டு, கருணை மனுவும் உண்டு. ஒவ்வொரு படியிலும் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நடந்தார்கள்.

எஸ்.ஏ. கணபதி தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே மலாயாவுக்கு வந்துவிட்டார். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தார். போர் முடிந்தபின் தொழிற்சங்க வேலையில் இறங்கி, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1947ல் அந்தச் சம்மேளனத்தின் சங்கங்களில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் இருந்தார்கள். சீனர்களும் தமிழர்களும் ஒரே கொடியின் கீழ் சம்பளம் கேட்டது அந்த நாட்களில்தான். சம்மேளனத்தின் பின்னணியில் கம்யூனிஸ்ட் கட்சி இருந்ததும் உண்மை. அதை மறைத்து எழுதுகிறவர்கள் கணபதியைச் சின்னவராக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்தச் சம்மேளனத்தைக் கலைக்க அரசாங்கத்துக்கு அவசரகாலம்கூடத் தேவைப்படவில்லை. தொழிற்சங்கச் சட்டத்தில் திருத்தம் கொண்டு வந்தார்கள். சங்கப் பொறுப்பில் இருப்பவருக்கு அதே தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். வெவ்வேறு தொழில் செய்கிறவர்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனமாகச் சேரக்கூடாது. கேட்பதற்கு நியாயமான நிர்வாக விதிகள்தான். ஆனால் எல்லாத் தொழில்களையும் ஒன்றாகக் கட்டுவதற்காகவே பிறந்த அமைப்பு அந்த இரண்டாவது விதியில் ஒரே நாளில் செத்துப்போனது. 1948 ஜூன் மத்தியில் பதிவு மறுக்கப்பட்டது. அந்த வாரமே அவசரகாலம் வந்தது. தலைவர்களைத் தேடிப் போலீஸ் புறப்பட்டபோது கணபதி தலைமறைவானார்.

1949 மார்ச் 1ஆம் தேதி, ரவாங் பக்கத்தில் வாட்டர்பால் தோட்டத்தில் அவர் பிடிபட்டார். கையில் ஒரு ரிவால்வரும் 6 தோட்டாக்களும் இருந்தன. துப்பாக்கி தன்னுடையது இல்லை, சற்று முன்புதான் தன் கைக்கு வந்தது, போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவர் தரப்பு. மார்ச் 15ஆம் தேதி விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். மரண தண்டனை. அப்பீல் தள்ளுபடி. மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பிடித்த நாளிலிருந்து கயிறு வரை 64 நாள். அதற்கு முதல் நாள்தான் அவருடைய தோழரும் இன்னொரு தொழிற்சங்கத் தலைவருமான வீரசேனன் படையினரின் தோட்டாவுக்கு இரையாகியிருந்தார்.

கணபதி சொன்னது உண்மையா பொய்யா என்று இன்று நாம் தீர்மானிக்க முடியாது. ஒரு தலைமறைவுத் தலைவர் போலீஸ் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார் என்பதை நானே எளிதில் நம்பமாட்டேன். ஆனால் நான்காம் விதி, கையில் ஆயுதம் இருந்ததா என்பதற்கு மேல் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவர் யார், எதற்காக அங்கே வந்தார், அந்த ஆயுதத்தால் யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. கையில் இருந்தது, அவ்வளவுதான்.

தமிழ் வாசகருக்கு இது பழகிய வழக்கு. மதுரை வீதியில் கோவலன் கையில் சிலம்பு இருந்தது. பொற்கொல்லன் காட்டிக் கொடுத்தான், அரசன் ஆணையிட்டான், காவலர் வெட்டினர். பாண்டியன் சட்டத்தை மீறினான் என்று யாரும் சொல்லவில்லை. கள்வனைக் கொல்வது முறைதான் என்றுதான் அவன் கண்ணகியிடம் முதலில் பதில் சொல்கிறான். சிலம்பு கையில் இருந்ததைப் பார்த்தவன், அது எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்கவில்லை. உள்ளே மாணிக்கமா முத்தா என்று உடைத்துப் பார்க்க ஒருத்தி வாசலில் வந்து நிற்க வேண்டியிருந்தது. அதற்குள் கோவலனின் கதை முடிந்துவிட்டது.

கணபதிக்காகப் பேசியவர்கள் குறைந்தவர்கள் இல்லை. இந்திய அரசே தண்டனையைக் குறைக்கும்படி கேட்டது. கோலாலம்பூரில் அப்போது இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவர் ஜான் திவி, மலாயா இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) முதல் தலைவர். லண்டனில் ஹைகமிஷனர் கிருஷ்ண மேனன். காலத்தையும் பாருங்கள்: 1949 ஏப்ரல் கடைசியில் நேரு லண்டனில் காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் உட்கார்ந்திருந்தார். இந்தியா குடியரசான பிறகும் காமன்வெல்த்தில் நீடிக்கலாம் என்ற அறிவிப்பு அந்த மாநாட்டின் முடிவில் வெளியானது. சில நாட்களிலேயே புடுவில் கயிறு இறங்கியது.

லண்டன் கைகழுவ வசதியாகச் சட்டத்தில் ஓர் இடமும் இருந்தது. 1948 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மலாயா கூட்டரசு ஒப்பந்தப்படி, தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அந்தந்த மாநில ஆட்சியாளருக்குரியது. குற்றம் சிலாங்கூரில் நடந்தது. சிலாங்கூர் சுல்தானின் அரசநகரம் கிள்ளான். விதியை எழுதியது பிரிட்டிஷ் ஹைகமிஷனர். பிடித்தது பிரிட்டிஷார் நடத்திய போலீஸ். கருணை காட்டுவது மட்டும் சுல்தானின் தனி உரிமை, அதில் நாங்கள் எப்படித் தலையிடுவது? சட்டம் தெரிந்தவர்களுக்கு இது முழுக்கச் சரியான பதில். அதனாலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

சட்டத்தின் எழுத்தே போதும், மனிதரின் இரக்கமும் நல்லெண்ணமும் ஆட்சிக்கு இடைஞ்சல் என்று வெளிப்படையாக வாதாடிய ஒரு தத்துவப் பள்ளி பழைய சீனாவில் இருந்தது. ஷாங் யாங், ஹான் பெய் ஆகியோர் அதன் பெரிய பெயர்கள். சிறு குற்றத்துக்கும் கடும் தண்டனை கொடு, பெரும் குற்றம் தானாக நின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஹான் பெய் நூலில் ஒரு கதை உண்டு. ஹான் நாட்டு அரசர் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார். குளிருமே என்று மகுடக்காரன் ஒரு மேலங்கியை எடுத்துப் போர்த்தினான். விழித்த அரசர் மகிழ்ந்தார், போர்த்தியது யார் என்று கேட்டார், பிறகு இரண்டு பேரையும் தண்டித்தார். அங்கிக்காரன் தன் வேலையைச் செய்யவில்லை. மகுடக்காரன் தன் வேலையைத் தாண்டிவிட்டான். குளிரை விட அதிகாரம் மீறுவது ஆபத்து என்பது கதையின் பாடம். நம் தாத்தாக்கள் மலாயாவில் இறங்குவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கதை இது. ஆனால் 1948ன் அரசிதழை எழுதிய அதிகாரிக்கு அதில் ஒரு சொல்லும் அந்நியமாகத் தெரிந்திருக்காது.

ஐரோப்பாவிலும் அதே ஆண்டுகளில் இந்தக் கேள்வி கொதித்துக்கொண்டிருந்தது. ஹிட்லரின் நீதிபதிகள் எல்லோரும் சட்டப்படிதான் தீர்ப்புச் சொன்னோம் என்றார்கள். ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியின் நீதி அமைச்சரும் சட்ட அறிஞருமான குஸ்டாவ் ராட்பிருக் 1946ல் ஒரு கட்டுரை எழுதினார். சட்டம் சகிக்க முடியாத அளவுக்கு நியாயத்தை விட்டு விலகினால் அது சட்டம் என்ற தகுதியையே இழக்கிறது என்பது அவர் வாதம். அழகான வாதம். ஆனால் தூக்குமேடையை நெருங்கியவனுக்கு அதனால் என்ன பயன் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் சாம்பசிவம் என்ற இன்னொரு தமிழர்.

சாம்பசிவமும் தொழிற்சங்கக்காரர், ஜொகூர்க்காரர். 1948 செப்டம்பரில் அங்கே ஒரு கைகலப்பில் காயத்தோடு பிடிபட்டார். அதே நான்காம் விதி. ஆனால் அவர் மேல் இரண்டு குற்றச்சாட்டுகள் சுமத்தினார்கள். ஒன்று, துப்பாக்கி வைத்திருந்தது. இன்னொன்று, தோட்டா வைத்திருந்தது. இப்படிப் பிரித்து எழுதிய அரசு வக்கீல் பின்னால் இதற்காக எவ்வளவு வருந்தினாரோ.

மலாய் மாநிலங்களில் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு அப்போது ஜூரி கிடையாது. நீதிபதியோடு இரண்டு அசெசர்கள் உட்காருவார்கள். அவர்கள் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். இரண்டு பேரும் ஒருமித்துச் சொன்னதை நீதிபதி ஏற்கவில்லை என்றால், தீர்ப்புச் சொல்லாமல் வழக்கை வேறு அசெசர்களோடு மறுபடி முதலிலிருந்து நடத்த உத்தரவிடலாம். சாம்பசிவம் வழக்கில் அதுதான் நடந்தது. அசெசர்கள் குற்றமில்லை என்றார்கள். தோட்டா விஷயத்தில் நீதிபதியும் ஒத்துக்கொண்டார். அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. துப்பாக்கி விஷயத்தில் ஒத்துக்கொள்ளவில்லை, மறுவிசாரணை.

1949 மார்ச்சில் இரண்டாவது விசாரணை. ரவாங்கில் கணபதி பிடிபட்ட அதே மாதம். இந்த முறை அரசு தரப்பு ஒரு புதிய ஆயுதத்தோடு வந்தது: சாம்பசிவம் போலீசிடம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம். முதல் விசாரணையில் அதை அவர்கள் வெளியே எடுக்கவில்லை. என்னிடம் துப்பாக்கியும் இருந்தது, தோட்டாவும் இருந்தது என்று அதில் இருந்தது. புதிய அசெசர்கள் குற்றவாளி என்றார்கள். நீதிபதி ஏற்றார். மரண தண்டனை. மலாயாவிலேயே அப்பீலும் தோற்றது.

விஷயம் லண்டனுக்குப் போனது. அங்கே மலாயா வழக்குகளின் கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சில் சிறப்பு அனுமதி கொடுத்து வழக்கைக் கேட்டது. 1950ல் தீர்ப்பை எழுதியவர் மக்டெர்மட் பிரபு. அவர் சாம்பசிவம் நல்லவரா என்று பார்க்கவில்லை. அவசரகாலம் நியாயமா, தூக்கு கொடுமையா என்றும் பார்க்கவில்லை. தோட்டா வைத்திருந்ததாகச் சாட்டிய குற்றத்தில் அவர் விடுதலையாகிவிட்டார். ஒரு முறை விடுதலை என்று தகுதியுள்ள கோர்ட் சொல்லிவிட்டால், அதே தரப்பினரிடையே பின்னால் வரும் எந்த நடவடிக்கையிலும் அது முடிந்த முடிவு. அவனை மறுபடி அதற்காக விசாரிக்க முடியாது என்பதோடு அது நிற்காது. அப்படி இருக்க, தோட்டா இருந்தது என்று ஒத்துக்கொள்ளும் ஒரு வாக்குமூலத்தை உண்மை என்று சொல்லி அரசு தரப்பு எப்படி நீட்ட முடியும்? அந்த விடுதலையைப் பற்றிய விவரத்தை அசெசர்களுக்குச் சரியாக எடுத்துச் சொல்லாமல் விட்டதும் தவறு. தண்டனை ரத்து.

படித்துப் பார்த்தால் உங்களுக்கும் தோன்றும்: இது நுணுக்கத்திலும் நுணுக்கம். தோட்டாக் குற்றச்சாட்டைத் தனியாகச் சேர்க்காமல் விட்டிருந்தால் சாம்பசிவம் தூக்கில் தொங்கியிருப்பார். தெருவில் நின்று பேசுகிறவர்கள் வக்கீல் தந்திரம் என்று சொல்லும் ரகம். துப்பாக்கி அவர் கையில் இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதிலே இல்லை. எழுத்தைப் பிடித்துக்கொண்டு கணபதியைத் தூக்கியது அந்தச் சட்டம். அதே எழுத்தைப் பிடித்துக்கொண்டு சாம்பசிவத்தை இறக்கியது. இரண்டு இடத்திலும் நீதிபதிகள் நெஞ்சைக் கேட்டு எதையும் செய்யவில்லை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? நான் பார்த்தவரை இரண்டு இடத்தில். முதலாவது, காலம். பிடிபட்டதிலிருந்து லண்டன் தீர்ப்பு வரை சாம்பசிவத்துக்கு ஒன்றரை ஆண்டு கிடைத்தது. கணபதிக்குக் கிடைத்தது 64 நாள். இரண்டாவது, எந்த எழுத்து என்பது. நான்காம் விதி, அரசாங்கம் தன் கையைக் கட்டிக்கொள்ளாமல் குடிமகன் கையைக் கட்டிய எழுத்து. ஒரு முறை விடுதலை என்றால் விடுதலைதான் என்பது அரசாங்கத்தின் கையைக் கட்டுகிற எழுத்து. சட்டத்தின் எழுத்தை வழிபடுகிறவன் கொடியவன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாததற்கு இதுதான் காரணம். ராட்பிருக்கை நம்பி சாம்பசிவம் உயிர் பிழைக்கவில்லை.

இதே இயந்திரம் வேறு விதமாகவும் ஓடியிருக்கிறது. 1952ல் ஈப்போவில் லீ மெங் என்ற சீனப் பெண், கைக்குண்டு வைத்திருந்ததாக வழக்கு. முதல் விசாரணையில் அசெசர்கள் குற்றமில்லை என்றார்கள். நீதிபதி ஏற்காமல் மறுவிசாரணைக்கு அனுப்பினார். இரண்டாம் விசாரணையில் அசெசர்கள் மாறினர், தூக்கு வந்தது. இந்த முறை பிரிவி கவுன்சில் கேட்கவே மறுத்துவிட்டது. உலகப் பத்திரிகைகள் கூச்சலிட்டபின் 1953ல் பேராக் சுல்தான் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். அசெசர்கள் பிடிக்கவில்லையென்றால் வேறு அசெசர்களைக் கொண்டுவா என்ற ஏற்பாட்டை யாரும் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. ஆட்சியாளரின் கருணை என்பது வெறும் அலங்கார வாக்கியம் இல்லை, மனம் வைத்தால் நடக்கும் என்பதையும் அந்த வழக்கே காட்டியது. அவசரகாலம் 1960ல் முடிவதற்குள் 200-க்கும் மேற்பட்டோர் தூக்கில் போனார்கள்.

கணபதி தமிழ்நாட்டில் கதையானார். கலைஞர் கருணாநிதி 'கயிற்றில் தொங்கிய கணபதி' என்று ஒரு சிறு நூலே எழுதினார். தஞ்சைப் பக்கம் இன்றும் மலேயா கணபதி, வாட்டாக்குடி இரணியன், ஜாம்பவானோடை சிவராமன் என்று மூன்று பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். மலாயாவிலிருந்து திரும்பிய இரணியனைச் சுதந்திர இந்தியாவின் போலீஸ் 1950 மே மாதம் சுட்டுக் கொன்றது. அங்கே கயிறு, இங்கே குண்டு. இரணியனை முரளி நடித்த சினிமா மூலம் அறிந்தவர்கள்தான் இப்போது அதிகம்.

சாம்பசிவத்துக்குச் சினிமாவும் இல்லை, நூலும் இல்லை. ஆனால் அவர் பெயர் வேறொரு இடத்தில் உயிரோடு இருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1956ல் பஞ்சாபைச் சேர்ந்த பிரீதம் சிங் வழக்கில் அந்தத் தீர்ப்பை எடுத்தாண்டது. அதன்பின் எத்தனையோ பேர் அதைச் சொல்லி வாதாடியிருக்கிறார்கள். ஜொகூர்த் தொழிற்சங்கக்காரர் ஒருவரின் பெயரைத் தினமும் எங்கோ ஒரு வக்கீல் உச்சரித்துக்கொண்டிருப்பார், அவர் யார் என்று தெரியாமலே.

நான்காம் விதியும் சாகவில்லை. 1960ல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவுக்குள் குடியேறியது: பாதுகாப்புப் பகுதியில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் கட்டாயத் தூக்கு. 1969க்குப் பிறகு நாடே பாதுகாப்புப் பகுதிதான். பினாங்கில் தே செங் போ என்பவருக்கு இந்தப் பிரிவில் தூக்கு விழுந்தது. பிரிவி கவுன்சில் 1978 டிசம்பரில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அவரை விசாரித்த முறையை வகுத்த 1975ஆம் ஆண்டு விதிகளைப் பிறப்பிக்க மாமன்னருக்கு அப்போது அதிகாரமே இல்லை, நாடாளுமன்றம் கூடியபோதே அந்த அதிகாரம் போய்விட்டது என்பது காரணம். மறு ஆண்டே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, செல்லாது என்று சொல்லப்பட்டவற்றை முன்தேதியிட்டுச் செல்லுபடியாக்கியது. லண்டன் கதவும் அதற்கு முன்பே அடைபட்டுவிட்டது: 1978 ஜனவரி 1 முதல் குற்ற வழக்குகளுக்குப் பிரிவி கவுன்சில் அப்பீல் இல்லை. தே செங் போ அந்தத் தேதிக்கு முன்பே லண்டன் படியேறிவிட்டவர்களில் ஒருவர்.

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012ல் போனது. கணபதி நின்ற புடு சிறையின் நீண்ட மதிலை அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சாலை விரிவாக்கத்துக்காக இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே லாலாபோர்ட் பேரங்காடி. பழைய நுழைவாயிலை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். கட்டாய மரண தண்டனையை மலேசிய நாடாளுமன்றம் 2023ல் நீக்கியது. அந்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. தூக்குத் தண்டனை இன்னும் இருக்கிறது. கொடுக்கலாமா வேண்டாமா என்று நீதிபதி கேட்டுக்கொள்ளலாம் என்பதுதான் புதிது. கணபதி வழக்கில் எந்த நீதிபதிக்கும் கிடைக்காத உரிமை அது. வரிசையில் காத்திருந்த கைதிகளின் தண்டனையை மறுபடி பார்க்கும் வேலையைக் கூட்டரசு நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் தொடங்கியது.

(தொடரும்)